ஓரியின் வில் என்ன மரம்?

ஆடி 17, 18 ரெண்டு நாளும் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அரசு நடத்துவது. கண்காட்சி, கலைநிகழ்ச்சி, வில்வித்தைப் போட்டி எல்லாம் இருக்கும். ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் வர்ற கூட்டம் அது தனி. எனக்குத் தோட்டம் மலையடிவாரத்தில், காரவள்ளிப் பக்கம். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய்வருவது எங்களுக்கு வருஷா வருஷம் வழக்கம்.

மூணு வருஷம் முன்னாடி அப்படிப் போனப்போ என் மச்சானும் கூட வந்தான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில் இருபது வருஷமா மரவேலை பார்க்கிறவன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல கதவைத் தட்டிப் பார்த்து என்ன மரம்னு சொல்லிட்டுத்தான் உள்ளே போவான். செம்மேட்டில் குதிரைமேல இருக்கிற ஓரி சிலையை எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. இவன் மட்டும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, "மாமா, வல்வில் வல்வில்னு சொல்றாங்களே, அந்த வில்லு என்ன மரம்?"ன்னு கேட்டான்.

எனக்குத் தெரியல. கூட வந்த வாத்தியாரைக் கேட்டோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர், தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டுல அது இல்லையேப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்தும் இது மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதிலிருந்து ஆரம்பிச்சதுதான் நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு வில் செய்யப் பார்த்த கதை. அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஓரி கதையைக் கொஞ்சம் சொல்லிடணும். பட்டணத்தில் இருக்கிறவங்களுக்குக் கடையெழு வள்ளல்னா பாரி தேர் கொடுத்ததும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். ஓரி பேர் பட்டியல்ல வரும், அவ்வளவுதான்.

ஓரியைப் பற்றி அதிகம் பேசப்படுகிற பாட்டு புறநானூறு 152. பாடினவர் வன்பரணர். பசியோட காட்டுவழி நடக்கிற பாணர் கூட்டம் ஒரு வேட்டைக்காரனைப் பார்க்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி வாய்க்குள் புகுந்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்க் குத்தி நிற்கிறது. இவன் யாரோ, பிழைப்புக்கு வேட்டையாடுகிறவன் மாதிரி தெரியலையே, மார்பில் சந்தனமும் முத்தாரமும் இருக்கே என்று சந்தேகப்பட்டு அவங்க பாட ஆரம்பிக்கிறாங்க. பாட்டுக்கு நடுவில் அரசனைக் குறிக்கிற சொல் வந்ததும் அந்த ஆள் வெட்கப்பட்டுத் தலை குனிகிறார். அப்புறம் சுட்ட மான்கறியும் மதுவும் தந்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறார்.

அஞ்சு விலங்கு, ஒரு அம்பு. நம்புறீங்களா? நான் நம்பல. வயிறு நிறையக் கறி தின்னவங்க சொல்ற கதை அப்படித்தான் இருக்கும். எங்க ஊர்ல முயல் அடிச்சவன் சொல்ற கதையையே ரெண்டால வகுத்துத்தான் கேட்போம். ஆனா அந்த வெட்கம் இருக்கு பாருங்க, அதை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு.

முடிவு நல்லா இல்லை. முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்துவிட்டான். அகநானூறு 209-ல் கல்லாடனார் இதைச் சொல்கிறார். வள்ளல் பட்டியலில் ரெண்டு பேருமே இருக்காங்க, கொன்னவனும் செத்தவனும். காரியின் குதிரைக்குக் காரி, ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே சிறுபாணாற்றுப்படை ரெண்டு பேரையும் அடுத்தடுத்து வச்சுப் பேசும். ஓரியைக் கொன்ற பிறகு காரி அந்த ஊர்ப் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த கூச்சலைக் கபிலர் நற்றிணையில் ஓர் உவமையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு விவசாயியா என் கண்ணில் பட்டது வேறொன்று. கல்லாடனார் கொல்லியைச் சொல்லும்போது அங்கே வேரில் காய்க்கிற பலாவைச் சொல்கிறார். இன்னைக்கும் சோளக்காடு சந்தைக்குப் போனா சீசன்ல பலாதான் மலை மாதிரி குவிஞ்சிருக்கும். பலா இருக்கு. வில்தான் இல்லை.

சரி, மரத்துக்கு வருவோம்.

தமிழில் வில்லுக்கு இன்னொரு பெயர் சிலை. ஒரு மரத்துக்கும் சிலை என்று பெயர் உண்டு, வில் செய்ய உதவும் மரம் என்று அகராதி சொல்கிறது. கல்லில் செதுக்குவதும் சிலைதான். ஆக, செம்மேட்டில் நாங்க பார்த்தது சிலை கொண்டவனுக்கு வச்ச சிலை. வாத்தியார் இதைச் சொல்லிட்டு அவரே ரொம்ப நேரம் சிரிச்சார். கொடுமரம் என்றாலும் வில்தான். வளைந்த மரம் என்று பொருள். ஆனா இந்தச் சிலை மரம் இன்னைக்கு நம்ம காட்டில் எது? அதை உறுதியாச் சொல்லும் ஆள் எங்களுக்கு அகப்படல. இன்னொரு மரம் உண்டு, தடசு. சடச்சி என்றும் சொல்வாங்க. கோடாலிக் காம்புக்கும் வண்டி அச்சுக்கும் பேர்போனது, வளைச்சா ஒடியாது. வடக்கே இதன் பெயரே வில்லைக் குறிக்கிற சொல்லோடு ஒட்டியது.

மரப்பட்டியல் தெளிவா இருக்கிற இடம் அர்த்தசாஸ்திரம். ஆயுதச்சாலை அதிகாரி என்னென்ன வச்சிருக்கணும் என்று சொல்கிற பகுதியில் வில் நாலு வகை: பனை, மூங்கில், மரம், கொம்பு. நாணுக்கு மருள், எருக்கு, சணல், மூங்கில், விலங்குகளின் நரம்பு என்று வரிசை போகிறது. முதல் பெயர் பனை! பனங்கட்டை உத்தரத்துக்கும் வரிச்சுக்கும் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். தெற்கே வில்லுப்பாட்டுக்காரங்க பனையில் வில் செய்வாங்கன்னு கேட்டிருக்கேன், ஆனா அதைப் போர்க்கருவியா நினைச்சதே இல்லை. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் எழுதியதை வச்சு அர்ரியன் என்ற கிரேக்க ஆசிரியர் இந்தியக் காலாட்படையைப் பற்றிச் சொல்கிறார்: வில் ஆள் உயரம் இருக்குமாம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்திக்கொண்டு நாணை இழுப்பாங்களாம். அம்பின் நீளம் மூணு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மச்சானுக்குப் பனை ஒத்துவரல. "வைரம் பாஞ்ச பனையை இழைக்கிறதுக்குள்ள உளி நாலு போயிடும்" என்றான். காட்டுக்குள்ள போய் எதையும் வெட்டவும் முடியாது, வெட்டவும் கூடாது. என் வேலியோரம் கல்மூங்கில் புதர் ஒன்று இருக்கு. அதுல செய்யலாம்னு முடிவாச்சு.

முதல் வில்லை அவசரத்தில் ஆவணியிலேயே செஞ்சோம். பச்சை மூங்கில். பிளந்து, சீவி, நைலான் கயிறு கட்டி வளைச்சோம். அழகா வளைஞ்சுது. கயிறை அவிழ்த்த பிறகும் அப்படியே வளைஞ்சு நின்னுச்சு! பச்சையா இருக்கிறதுக்கு வளையத் தெரியும், நிமிரத் தெரியாது. ரெண்டாவதுக்குக் காய்ஞ்ச மூங்கில் எடுத்தோம். பார்க்க வழுவழுன்னு இருக்கணும்னு மச்சான் மேல்தோலைச் சீவிவிட்டான். ரெண்டாவது இழுப்பில் டமார்னு ரெண்டு துண்டு. ஒரு சிராய் என் காதைத் தாண்டிப் போச்சு. பொண்டாட்டி அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சோறு போடல.

அன்னிக்குத்தான் ஒரு விஷயம் புரிஞ்சுது. வில்லை இழுக்கும்போது எதிராளியைப் பார்க்கிற பக்கம் நீளுது, நம்மைப் பார்க்கிற பக்கம் நசுங்குது. நீள்கிற பக்கத்தில்தான் ஒடியும். மூங்கிலில் நார் நெருக்கமா இருக்கிறது தோலை ஒட்டின இடத்தில். அந்தப் பக்கத்தை வெளியே வச்சு, அதுல உளி படாம விடணும். சீவறதெல்லாம் உள்பக்கம். கரும்பு ஒடிச்சுப் பழகின கைக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

மூணாவதுக்குப் பொறுமையா இருந்தோம். மூணு வருஷம் முத்தின கழி. மார்கழித் தேய்பிறையில் வெட்டினோம், அப்பத்தான் பூச்சி அரிக்காதுன்னு எங்க அப்பாரு சொல்வார். பங்குனி வரைக்கும் கொட்டகை நிழல்ல கிடந்துச்சு. அப்புறம் மச்சான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையா வந்து உள்பக்கத்தைச் சீவினான். வில் செய்யறதுல பாதி வேலை இதுதான். நடுவில் பிடிச்சு மெதுவா வளைச்சு, ரெண்டு கையும் ஒரே மாதிரி வளையுதான்னு தள்ளி நின்னு பார்க்கணும். எங்கே விறைப்பா நிக்குதோ அங்கே மட்டும் நாலு சீவு. திரும்பவும் வளைச்சுப் பார்க்கணும். ஒரு சீவு அதிகமாப் போனா திரும்ப ஒட்ட முடியாது. லாரி பாடியில் சட்டம் கோணலா வந்தா ஒரு ஆப்பு அடிச்சுச் சரி பண்ணிடுவேன், இதுல அந்தச் சலுகையே இல்லைன்னு புலம்பிக்கிட்டேதான் செஞ்சான். ஆனா இப்ப அந்த வில்லை யாரையும் தொட விடமாட்டான்.

நாணுக்கு நைலான் போடக்கூடாதுன்னு வாத்தியார் பிடிவாதம். அர்த்தசாஸ்திரப் பட்டியலில் முதலில் வருவது மருள். சமஸ்கிருதத்தில் மூர்வா. நாணுக்கு மௌர்வி என்று பேர் வந்ததே இந்தச் செடியால்தான். க்ஷத்திரியன் இடுப்பில் கட்டுகிற கயிறு மூர்வா நாராலான வில்நாணாக இருக்க வேண்டும் என்று மனுநூலில் இருக்கிறதாம். இந்தச் செடி உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. உங்க அபார்ட்மென்ட் பால்கனியில், ஆபீஸ் வரவேற்பறையில், ஸ்னேக் பிளான்ட்னு சட்டியில் வச்சிருக்கீங்களே, நிமிர்ந்து நிக்கிற பட்டை இலையில் பாம்புத்தோல் மாதிரி கோடு போட்டது, அது ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. அதன் பங்காளிதான் நம்ம மருள். காட்டோரம், பாறை இடுக்கு, வேலி அடியில் கிடக்கும். இங்கிலீஷ்காரன் இந்த இனத்துக்கே வில்நாண் சணல் என்றுதான் பேர் வச்சான். கொல்கத்தா தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட வில்லியம் ராக்ஸ்பர்க் இதன் நாரைச் சோதித்துப் பார்த்து, 40 ராத்தல் பச்சை இலைக்கு ஒரு ராத்தல் சுத்தமான நார் தேறும் என்று எழுதி வைத்தார். செடியின் அறிவியல் பெயரில் அவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாப்பதுக்கு ஒண்ணு. படிக்கும்போது லேசா இருக்கும். நான் ஒரு சாக்கு இலை அறுத்துக்கொண்டு மலைமேல் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர்கிட்டப் போனேன். மிளகும் வாழையும் போட்டிருக்கிறவர். முன்னாடி சாமையும் தினையும் விதைச்ச காட்டில் இப்போ பாதி மரவள்ளி. மருள் நாரில் கயிறு திரிச்சது சின்ன வயசில் செஞ்ச வேலையாம். சாக்கைத் திறந்து பார்த்ததும், "என்ன தம்பி, மாட்டுக்குத் தீனியா கொண்டாந்த? பாதி இலை முத்தவே இல்லை" என்றார். முத்தின இலையா பொறுக்கி எடுத்து, பலகைமேல் வச்சு, மொட்டைக் கத்தியைச் சாய்த்துப் பிடிச்சு ஒரே இழுப்பு. பச்சைச் சதை வழிஞ்சு போக, வெள்ளை நார் பட்டு மாதிரி கையில் நின்னுச்சு. நான் இழுத்தா நார் அறுந்துச்சு, இல்லைன்னா சதை போகல. மதியம் வரைக்கும் வேலை செஞ்சு எனக்குத் தேறினது ஒரு கைப்பிடி.

அலசிக் காயவச்ச நாரை அவர் தொடையில் வச்சு ரெண்டு புரியா திரிச்சார். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம் முறுக்கு, ரெண்டும் சேரும்போது எதிர்ப்பக்கம் முறுக்கு. அப்பத்தான் ஒன்றையொன்று பிடிச்சுக்கும். கடைசியில் தேன்மெழுகு தடவினார். "ஐயா, வில்லு செஞ்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "எங்க தாத்தன் காலத்துல இருந்துச்சு. எங்கப்பன் காலத்துல நாட்டுத் துப்பாக்கி. என் காலத்துல அதுவும் போச்சு" என்றார். அதுக்கு மேல பேசல.

அந்த மூணு வரியை நான் வீட்டுக்கு வந்து வருஷம் போட்டுப் பார்த்தேன். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், ஆயுதம் என்றால் என்னென்ன என்று சொல்கிற இடத்தில் துப்பாக்கி, வாள், ஈட்டியோடு வில்லையும் அம்பையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. 1882-ல் சென்னை வனச் சட்டம். காடு காப்புக்காடாகி, கழி வெட்டுவதற்கும் அனுமதி தேவைப்பட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கடைசிச் சட்டம் வந்திராவிட்டால் காட்டில் மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ரெண்டும் வேறு கணக்கு. வெள்ளைக்காரன் வில்லைக் கண்டு பயந்ததற்குக் காரணம் இருந்தது. 1802 அக்டோபரில் வயநாட்டுப் பனமரம் கோட்டையில், பழசிராஜாவின் பக்கம் நின்ற எடச்சேன குங்கனும் குறிச்சியர் தலைவன் தலைக்கல் சந்துவும் வில்லாளிகளோடு புகுந்து கேப்டன் டிக்கன்சனையும் அவர் ஆட்களையும் கொன்றார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனை மூங்கில் வில்லால் அடித்தார்கள். சந்துவை 1805-ல் தூக்கிலிட்டார்கள். குறிச்சியர் மட்டும் வில்லை விடவில்லை. இன்றைக்கும் அவர்கள் சடங்கிலும் போட்டியிலும் அது இருக்கிறது.

போட்டி என்றதும் ஒன்று சொல்லணும். ஒலிம்பிக்கில் 70 மீட்டரில் விடுகிற வில்லெல்லாம் கார்பனும் அலுமினியமும். ஆனா நம்ம நாட்டு வில்வித்தைப் போட்டிகளில் இந்தியன் ரவுண்டு என்று ஒரு பிரிவு இருக்கு. மூங்கில் வில், 50 மீட்டரும் 30 மீட்டரும். ஏழைப் பிள்ளைகள் வில்லைத் தொடுவது பெரும்பாலும் இதில்தான்.

அம்புக்கு நாங்க பட்ட பாடு வில்லைவிட அதிகம். மெல்லிய மூங்கில் குச்சிகளைத் தணலில் காட்டி நிமிர்த்தணும். எல்லாம் ஒரே எடை, ஒரே விறைப்பு. அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது நேராப் போறதில்லை, கைப்பிடியைச் சுத்தி மீன் மாதிரி நெளிஞ்சுதான் போகும். குச்சி ரொம்ப விறைப்பா இருந்தா ஒரு பக்கம் ஓடும், தொளதொளன்னு இருந்தா மறுபக்கம். வில்லுக்கு ஏத்த குச்சியைத்தான் தேர்ந்தெடுக்கணும். நாற்பது குச்சியில் ஆறு தேறிச்சு. மருள் கணக்கேதான்.

இறகுக்குக் கவலையே இல்லைன்னு நினைச்சேன். நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துக்கிட்டு கோழி இறகு தேடுவதாவது! ஆனா கூண்டுக்கோழி இறகு கம்பியில் உரசி உரசி நுனி பிய்ஞ்சு கிடந்துச்சு. ஒரு கோழிப்பண்ணைக்கு மூணு தடவை நடந்தேன், மூணு தடவையும் வெறுங்கை. கடைசியில் தெரிஞ்சவர் வளர்க்கிற வான்கோழி உதிர்த்த இறகு. ஒரு அம்புக்கு மூணு இறகும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுக்கணும். இடதும் வலதும் கலந்தா ஒன்றுக்கொன்று எதிரா வளைஞ்சு அம்பு தடுமாறும். முனையை எங்க ஊர் கொல்லாசாரி லாரிப் பட்டையில் அடிச்சுக் கொடுத்தார். அரிவாளே இப்ப அதுலதான் அடிக்கிறாங்க. கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்கிற நாட்டில், ஆதிச்சநல்லூர்த் தாழியோடு இரும்பு அம்புமுனை புதைத்த நாட்டில், நமக்கு வாய்த்தது பழைய லாரி. "ஆறு போதுமா? ஓரி படைக்கு எத்தனை ஆயிரம் அடிச்சிருப்பான் எங்காளு"ன்னு அவர் கேட்டப்போதான் எனக்கு உறைச்சுது. மரம் ஒருத்தர், நார் ஒருத்தர், இரும்பு ஒருத்தர், இறகு ஒருத்தர். ஓரி கையில் இருந்ததும் இப்படி நாலு பேர் வீட்டுத் திண்ணையில் உருவானதுதான். அவங்க பேர் ஒன்றும் பாட்டில் இல்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்று. 1911-ல் கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில் (ஊர்ப்பேர் நிஜமாவே அதுதான்) காட்டிலிருந்து தனியாக ஒரு மனிதர் வந்து நின்றார். யாகி என்ற பழங்குடி. அவர் சனம் முழுக்கத் தங்கம் தேடி வந்தவர்களாலும் குடியேறிகளாலும் அழிந்துபோய், இவர் ஒருத்தர்தான் மிச்சம். தன் பெயரை யாருக்கும் சொல்லல. அவர்கள் மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்று அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைத்தார்கள். பக்கத்து மருத்துவமனையில் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர், இவரிடம் வில் செய்யவும் அம்பு செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916-ல் இஷி காசநோயில் இறந்தார். 1923-ல் போப் எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் பொழுதுபோக்காகக் கையால் வில் செய்ய ஆரம்பித்தார்கள். கேட்டுக் கற்றுக்கொள்ள ஒருத்தர் இருந்ததால் தப்பிய வித்தை. மலையில் அந்தப் பெரியவரின் தாத்தா பக்கத்தில் அப்படி யாரும் உட்காரல. அவர் பேரன்கிட்ட நான் போனது நார் உரிக்க மட்டும்.

வைகாசியில் வில்லுக்கு நாண் ஏற்றினோம். வாழைத்தார் நிறுக்கிற தொங்கு தராசில் மாட்டி முழுசா இழுத்துப் பார்த்தா 14 கிலோ. எனக்குப் பெருமையா இருந்துச்சு. வாத்தியார் உடனே தண்ணியை ஊத்தினார். இங்கிலாந்தில் 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982-ல் தூக்கினார்கள். அதிலிருந்து 130-க்கும் மேல் முழு வில் கிடைத்தது. அவற்றை இழுக்க ஏறக்குறைய 45 முதல் 80 கிலோ வரை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கூடக் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள் எலும்பே மாறியிருந்தது. பால்யத்திலிருந்து இழுத்துப் பழகின உடம்பு. "வல்வில்னா சும்மாவா"ன்னு சொல்லிட்டு வாத்தியார் துண்டை உதறிப் போட்டுக்கிட்டார்.

இலக்கு, தார் வெட்டின வாழைமரம். முப்பது அடி தூரத்தில் நின்னு முதல் அம்பு மச்சான் விட்டான். மரத்துக்கு மேல போய்க் கிணத்துமேட்டில் விழுந்துச்சு. ரெண்டாவது நான். பட்டுச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா மூணு விரல் ஆழம். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஒரு பக்கம்; மூணு விரல் வாழைத்தண்டு ஒரு பக்கம். பத்தாவது அம்புக்கு நாண் அறுந்துச்சு. அறுந்தது நான் உரிச்ச நார் கலந்த இடத்தில்.

இதோட கதை முடிஞ்சிருக்கும். ரெண்டு நாள் கழிச்சு வாத்தியார் சாயங்காலம் வந்தார், கையில் புறநானூறு. "உன் மச்சான் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்குய்யா. ஆனா ஓரி பாட்டுல இல்லை" என்றார். 324-ஆம் பாட்டு, ஆலத்தூர் கிழார். வேட்டுவர் வீட்டுப் பிள்ளைகள் எலி அடிக்கிற காட்சி. பருத்தி வேலியோரம் எலியைக் குறிபார்த்து நிக்குதுங்க. அதுங்க வில் என்னது? வளாரை வளைச்சுக் கட்டினது. அம்பு? ஊகம்புல்லின் மெல்லிய தண்டு. முனை? உடை மரத்து வெள்ளை முள், அடியில் குழிவா இருக்கும், அதுல தண்டைச் செருகியிருக்கு. மூணு பொருளும் பேர் சொல்லி, எதை எதுல செருகணும் என்பது வரைக்கும் இருக்கு. அரசனின் வில் என்ன செய்தது என்று மட்டும் பாட்டில் நிக்குது. எதுல செஞ்சது என்று நின்னது இந்த எலி அடிக்கிற பொடிசுகளின் வில்தான். அதைவிட ஆச்சரியம், அந்த வளார் வில்லையும் புலவர் வல்வில் என்றுதான் சொல்கிறார்! ஓரிக்கு வச்ச அதே பேர்.

மச்சானுக்குப் போன் போட்டேன். "வளாரா? நாலு மாசம் என்னை மூங்கில் சீவ வச்சியே மாமா" என்றான்.

அடுத்த ஞாயிறு அவன் பிள்ளைங்க ரெண்டும் என் பையனும் சேர்ந்து அதைச் செஞ்சாங்க. வளாருக்குப் புளிய விளாறு. ஊகம்புல்லுக்குத் தேடவே வேண்டாம், துடைப்பம் கட்டுற புல்தான், மேட்டுக்காட்டில் நிக்குது. உடைமுள் எங்க பக்கம் இல்லாததால் வெள்வேல முள். நாணுக்குப் பெரியவர் திரிச்சுக் கொடுத்ததில் மிச்சம். ஒரு மணி நேரத்தில் மூணு வில். எங்க ஆறு அம்புக்கு ஆன ஏழு மாசத்தை நினைச்சு மச்சான் பேசாம டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். ஒருத்தரையொருத்தர் பார்த்து விடக்கூடாது, கண்ணு போயிடும்னு பசங்ககிட்ட மூணு தடவை சத்தியம் வாங்கிட்டுத்தான் விட்டோம்.

சோளத்தட்டுப் போர் அடியில் எலி வளை இருக்கு. மூணும் அங்கே போய்க் குந்திக்கிச்சுங்க. பெரிய மனுஷங்க நாங்க திண்ணையில் இருந்து பார்த்தோம். சத்தம் போடாதீங்கன்னு சின்னவள் எங்களைப் பார்த்து விரலை வாயில் வச்சுக் காட்டினாள். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு எலி தலையை நீட்டிச்சு. மூணு அம்பும் ஒண்ணாப் போச்சு. ஒண்ணு தட்டுல, ஒண்ணு மண்ணுல, ஒண்ணு எங்கே போச்சுன்னே தெரியல. எலி உள்ளே போய்டுச்சு.